வல்லரசுகளின் கடல், நமது கரை

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியையும் காற்றையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களை அமைப்பதற்கு, 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்தைத் தெரிவு செய்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியிடமிருந்து வரவிருந்தது. தெரிவு கேள்விப்பத்திரம் மூலம் நடந்தது. புதுடில்லி உடனே எதிர்த்தது. நெடுந்தீவுக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் கடல்தான் இருக்கிறது. அந்த ஆண்டு முடிவதற்குள், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்படுவதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. அதே டிசம்பரில் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனை வணங்கினார். மன்னாருக்குப் போய் இராமர் பாலத்தின் மணற்திட்டுகளையும் பார்த்தார். 2022 மார்ச்சில் அதே மின்திட்டம் இந்திய மானியத்தின் கீழ் வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தனையும் நடந்த காலத்தில் தீவுகளின் வெளிச்சம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தது. தீவு மக்களின் விருப்பத்தைக் கேட்பதற்கென்று இருந்திருக்க வேண்டிய வடக்கு மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து, புதிய தேர்தல் இல்லாமல் கலைந்து கிடந்தது.

அந்தத் தீவுகளின் பிள்ளைகள் இன்று கனடாவின் ஸ்காபரோவில் வாழ்கிறார்கள். மோல்வேர்னிலும் மார்க்கம் வீதியிலும் எக்ளிண்டன் கிழக்கிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆசிய-பசிபிக் அரசியல் தூரத்துச் செய்தி அன்று. அஜின்கோர்ட்டில் சீனர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாடிக் கட்டடங்களில் பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள் இருக்கிறார்கள். ஆசிய-பசிபிக் கடற்பரப்பின் சச்சரவுகள் எல்லாம் ஏதோ ஒரு குடும்பத்தின் ஊர்ச் செய்தியாக இங்கே வந்து சேர்கின்றன. 2022 நவம்பரில் கனடா தனது இந்தோ-பசிபிக் மூலோபாயத்தை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 230 கோடி டொலர், 40 பொருளாதாரங்கள், ஆண்டுதோறும் மூன்று போர்க்கப்பல்கள் என்பது அதன் அளவு. சீனாவை உலக ஒழுங்கைக் குலைக்கும் சக்தியாகவும் இந்தியாவை இன்றியமையாத பங்காளியாகவும் அது வர்ணித்தது. இலங்கை அந்த 40க்குள் ஒன்று. அந்த வெளியீட்டுக்குப் பிறகு நம் வானொலிகளிலும் சங்கக் கூட்டங்களிலும் பழைய நம்பிக்கை ஒன்று மறுபடி தலைதூக்கியது: சீனா இலங்கைக்குள் வரவர, இந்தியாவும் மேற்கும் தமிழரைத் தேடி வரும் என்ற நம்பிக்கை. கடந்த 40 ஆண்டுகளின் பதிவு அதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. வல்லரசுப் போட்டி தமிழர் பிரச்சினையைக் கையிலெடுத்த ஒவ்வொரு தடவையும், தனக்கு வேண்டியது கிடைத்ததும் அதைக் கீழே வைத்திருக்கிறது. ஆகவே கனடாவிடம் நாம் கேட்க வேண்டியது சீனாவுக்கு எதிரான அணியில் நமக்கும் ஓர் இடம் அன்று. பொறுப்புக்கூறலை அந்தக் கடலின் பாதுகாப்புக் கொள்கைக்கு உள்ளேயே வைக்கும்படி கேட்க வேண்டும்.

முதற் சாட்சி 1987 ஜூலை 29. ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பமிட்ட உடன்படிக்கையை நாம் மாகாண சபைகளோடும், பின்னால் வந்த இந்திய அமைதிப்படையின் போரோடும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். அதே நாளில் இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடப்படாது. வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்களின் பிரசன்னம் பற்றி இருநாடும் பேசும். திருகோணமலையின் எண்ணெய்க் குதங்கள் கூட்டு முயற்சியாகப் புதுப்பிக்கப்படும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ நோக்கத்துக்குப் பயன்படா என்பன அந்தக் கடிதங்களின் சாரம். இப்போது இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்க் குதங்கள் பற்றிய வாக்குறுதி இழுபட்டாலும் சாகவில்லை. 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனம் உள்ளே வந்தது, 2022 ஜனவரியில் 61 குதங்களுக்குக் கூட்டு நிறுவன ஒப்பந்தம் ஆனது. மறுபகுதியில், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தந்ததாகச் சொல்லப்பட்ட பொலிஸ் அதிகாரம் ஒருநாளும் மாகாணத்துக்கு வரவில்லை. தேசிய காணி ஆணைக்குழு அமையவே இல்லை. வடகிழக்கு இணைப்பை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 2013 செப்டெம்பரில் வடக்கு மாகாண சபைக்கு நடந்த தேர்தலே முதலும் இதுவரை கடைசியும். துறைமுகத்தைப் பற்றிய வாக்கைக் காப்பாற்ற டில்லி காட்டிய பிடிவாதத்தில் கால்வாசியை மக்களைப் பற்றிய வாக்குக்குக் காட்டியிருந்தால் வடக்கின் கதை வேறாகியிருக்கும்.

சம்பூரும் பலாலியும் இதையே நிலத்தில் காட்டுகின்றன. 2006இல் படை நடவடிக்கையில் சம்பூர் மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். ஆண்டுக்கணக்காக முகாம்களில் கிடந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் அந்த மண் உயர் பாதுகாப்பு வலயமாகி, இந்தியாவின் அனல்மின் நிலையத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் நரேந்திர மோடி கொழும்பு வந்தபோது, சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் வேலை தொடக்கிவைக்கப்பட்டது. அதே பயணத்தில்தான் இருநாட்டுக்கும் இடையிலான பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடும், திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடும் கைச்சாத்தாகின. பலாலியில் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னைக்குப் பறக்க முடிந்ததில் வடக்கு மகிழ்ந்தது, அது நியாயமான மகிழ்ச்சியே. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்றைக்கும் படையினர் கையில் இருக்கிறது. சூரிய மின்சாரமும் விமான நிலையமும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பின் பேரால் எடுத்த நிலத்தின்மேல் இன்னொரு நாட்டின் பாதுகாப்பு நலன் வந்து அமரும்போது, அந்த நிலத்துக்கு உரியவன் இரண்டாந்தடவையும் ஓரத்தில் நிற்க வேண்டியதாகிறது.

பாக்கு நீரிணையின் நிலைமை இன்னும் கசப்பானது. இழுவைமடிப் படகுகள் கடலடியை வழித்துப் போவதால் வடபகுதி மீனவர் வலைகளை இழக்கிறார்கள், மீன் பெருகும் இடங்களையும் இழக்கிறார்கள். இலங்கை 2017இல் அந்தத் தொழில்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. எல்லை தாண்டும் தமிழகத் தொழிலாளரும் ஏழைகளே. அவர்கள் சுடப்படுவதையும் சிறைவைக்கப்படுவதையும் எந்த நியாயமும் மூடிவிட முடியாது. இரு கரையும் தமிழ் பேசும் இந்தச் சிக்கல் தீர்வதற்கு மீனவர்களே பேசி முடிக்கும் ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும். 2024இல் இந்தியத் தேர்தல் நேரத்தில் அது 1974ஆம் ஆண்டின் கச்சதீவு விவகாரமாகிப் போனது. தேர்தல் முடிந்தது, பேச்சும் அடங்கியது.

இனி ஜெனீவா. 2009 மே 27இல், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத வேளையில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் விசேட அமர்வு இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29க்கு 12 என்ற வாக்கில் நிறைவேற்றியது. ஆதரித்தவர்களின் வரிசையில் சீனாவும் இந்தியாவும் ரஷ்யாவும் பாகிஸ்தானும் ஒன்றாக இருந்தன. ஆசியாவின் பெரும்பகைகள் எல்லாம் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான நாள் அது. எதிர்த்த 12 நாடுகளில் கனடாவும் ஒன்று. இதை நாம் கனடியர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அமெரிக்கா ஆசியாவை நோக்கித் திரும்பியது. 2012, 2013, 2014 ஆண்டுகளில் அதன் தலைமையில் இலங்கைமீது தீர்மானங்கள் வந்தன. முதல் இரண்டுக்கும் இந்தியா ஆதரவளித்தது, மூன்றாவதில் ஒதுங்கிக்கொண்டது. 2014 செப்டெம்பரிலும் நவம்பரிலும் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோனது. 2015 ஜனவரியில் மகிந்த ராஜபக்ச தோற்று, மேற்கோடு இணங்கிப் போகும் அரசு வந்தது. அந்த ஒக்டோபரில், பொதுநலவாய நாட்டு நீதிபதிகளும் பங்குபெறும் விசாரணைப் பொறிமுறைக்கு இலங்கையும் சேர்ந்து அனுசரணை வழங்கிய தீர்மானம் நிறைவேறியது. 2017இலும் 2019இலும் காலநீடிப்பு கொடுக்கப்பட்டது. 2020 பெப்ரவரியில், அடுத்து வந்த கோட்டாபய ராஜபக்ச அரசு அனுசரணையிலிருந்து விலகியது. ஒரு நீதிபதிகூட அந்தப் பொறிமுறையில் ஒருநாளும் அமரவில்லை.

இந்த ஐந்தாண்டுக் கதையை நம்முடைய அரசியல் ஆய்வாளர்கள் பலர் துரோகம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று அதற்குள் இருக்கிறது. நெருக்கினால் கொழும்பு பெய்ஜிங்கின் மடியில் போய் விழும், ஆகவே 2015இல் வந்த நல்லாட்சி அரசுக்கு மூச்சுவிட நேரம் கொடுப்போம் என்பதே அன்றைய மேற்கத்திய இராஜதந்திரத்தின் வாதம். அந்த மூச்சு கிடைத்த அரசுதான் 2017 டிசம்பரில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. தொகை 112 கோடி அமெரிக்க டொலர். அந்த முடிவுக்கு ஜெனீவா காரணமில்லை. வெளிநாட்டுக் கடனும் கையிருப்புத் தட்டுப்பாடும் காரணம். அந்தத் துறைமுகத்துக்கான சீனக் கடன் 2007இலேயே வந்துவிட்டது, அப்போது ஜெனீவாவில் இலங்கைக்கு எதிராக ஒரு தீர்மானமும் இருக்கவில்லை. நீதியை விட்டுக்கொடுத்தால் மூலோபாய இலாபம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் நீதியையும் இழந்தார்கள், துறைமுகத்தையும் இழந்தார்கள். 2022 ஏப்ரலில் இலங்கை வங்குரோத்து நிலையை அறிவித்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 16இல், இந்தியாவின் எதிர்ப்பையும் மீறிச் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டது. கேள்வி கேட்பாரில்லாத ஆட்சி, கணக்குக் காட்டாத கடன், தண்டனைக்கு அஞ்சாத படை என்ற மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. தமிழரைக் கொன்றதற்குப் பதில் சொல்ல வேண்டியிராத ஓர் அரசு, திறைசேரியைக் காலியாக்கியதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தது. 2022இல் காலிமுகத்திடலில் கூடிய சிங்கள இளைஞர்களில் ஒரு சிலராவது அதைப் புரிந்துகொண்டு, மே 18இல் முள்ளிவாய்க்காலை அங்கே நினைவுகூர்ந்தார்கள். பொறுப்புக்கூறலை மனிதாபிமானக் கோப்பிலிருந்து எடுத்துப் பாதுகாப்புக் கோப்பில் வைக்க வேண்டும் என்று நான் சொல்வதன் அடிப்படை இதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வல்லரசுப் போட்டி இல்லாவிட்டால் நம் பிரச்சினை மேசைக்கே வந்திராது. 2012இல் அமெரிக்கா தீர்மானம் கொண்டுவந்தது நம்மீதுள்ள அன்பால் அன்று, சீனாமீதுள்ள பயத்தால். ஆகவே அந்தப் பயத்தைப் பயன்படுத்துவதே புத்தி என்பார்கள். முதற்பாதி உண்மை, அதை மறுக்க நான் வரவில்லை. இரண்டாம் பாதியில்தான் பிழை இருக்கிறது. பயத்தால் வந்த ஆதரவு பயம் தணிந்ததும் போய்விடும், 2015இல் போனது. பயம் மறுபடி கூடியபோதும் அது ஒழுங்காகத் திரும்பி வரவில்லை. 2021 மார்ச்சில் இலங்கை பற்றிய தீர்மானம் 22க்கு 11 என்று நிறைவேறியபோது சீனா எதிர்த்தது, சீனாவைக் கண்டு கவலைப்படும் இந்தியாவும் ஜப்பானும் வாக்களிக்காமல் ஒதுங்கின. 2022 ஒக்டோபரில் 20க்கு 7. அப்போதும் இருநாடும் ஒதுங்கின. யுவான் வாங் வந்துபோன ஏழாவது கிழமையில் நடந்த வாக்கெடுப்பு அது. அதாவது போட்டி உச்சத்தில் இருந்த நேரத்திலேயே, கொழும்பை இழக்கக் கூடாதென்ற கவலை தமிழருக்கு ஆதரவாக அல்லாமல் மௌனமாகத்தான் வெளிப்பட்டது. இரண்டு பக்கமும் ஏலம் கேட்கும் பொருளுக்கு விலை ஏறும், உரிமை வராது. அந்தப் போட்டியிலிருந்து உண்மையில் இலாபமடைந்தது கொழும்பு ஒன்றே.

கனடா எங்கே நிற்கிறது? அதன் பதிவு நேர்கோடாக இல்லை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள், நாடு அவர்களை ஏற்றுக்கொண்டது. 2010 ஓகஸ்டில் தாய்லாந்திலிருந்து பசிபிக்கைக் கடந்து 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த சன் சீ கப்பலை அது வேறு கண்ணால் பார்த்தது. ஆட்கடத்தல் பற்றி விசேட ஆலோசகர் நியமிக்கப்பட்டார், தென்கிழக்காசியாவில் அப்படிப்பட்ட கப்பல்களைத் தடுப்பதற்குப் பணம் செலவிடப்பட்டது, வந்தவர்கள் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். கனடாவின் ஆசிய-பசிபிக் பாதுகாப்புக் கொள்கையில் தமிழர் பெரிதாக இடம்பெற்ற முதல் தருணம் அச்சுறுத்தலாக இடம்பெற்ற தருணம்தான். போரிலிருந்து தப்பியவர்கள் அச்சுறுத்தலாகவும், போரை நடத்தியவர்கள் இராஜதந்திர விருந்தாளிகளாகவும் இருந்த காலம் அது. அப்போது ஆட்சியிலிருந்த அதே ஹார்ப்பர் அரசு 2013 நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்குப் பிரதமரை அனுப்ப மறுத்ததும் உண்மை. 2022இல் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. 2023 ஜனவரியில் மகிந்த, கோட்டாபய ராஜபக்ச சகோதரர்களையும் இரண்டு படை ஆட்களையும் கனடிய அரசு தடைப்பட்டியலில் சேர்த்தது. முன்னாள் சனாதிபதிகள்மீது தடை என்பது சிறிய காரியமன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில், சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய தளபதிகள்மீதும் கருணா மீதும் பிரித்தானியா தடை விதித்தது. கனடாவின் பட்டியலோ நால்வரோடு தொடங்கி நால்வரோடு நின்றுவிட்டதே.

மூலோபாய ஆவணம் ஒரு நாட்டை எப்படிக் கைவிட்டுவிடும் என்பதற்குச் சாட்சி தேடிக் கனடா வெளியே போக வேண்டியதில்லை. இன்றியமையாத பங்காளி என்று இந்தியாவை எழுதிப் பத்து மாதம் ஆவதற்குள், 2023 செப்டெம்பர் 18இல், சரே நகரில் கனடியக் குடிமகன் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொல்லப்பட்டதற்கும் இந்திய அரசின் முகவர்களுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அன்றைய பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் சொன்னார். இந்தியா அதை அடியோடு மறுத்தது. கனடாவின் 41 இராஜதந்திரிகள் வெளியேற நேர்ந்தது. 2024 ஒக்டோபரில் இருநாடும் ஆறாறு பேரை வெளியேற்றின. 2025 ஜூனில் பிரதமர் கார்னி மோடியை ஜி7 மாநாட்டுக்கு அழைத்தார், உயர்ஸ்தானிகர்கள் திரும்பினார்கள், நவம்பரில் வர்த்தகப் பேச்சைத் தொடங்க இணக்கம் வந்தது. அமெரிக்க வரிகளால் நெருக்கப்பட்ட கனடா புதிய சந்தை தேடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்காபரோவின் தொழிலாளரும் வேலை இழக்காமல் வாழ வேண்டும். ஆனால் சொந்த மண்ணில் சொந்தக் குடிமகன் கொல்லப்பட்ட வழக்கே வர்த்தகத்துக்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது என்றால், வேறொரு நாட்டில் 2009இல் நடந்ததன் கதி என்ன என்று நாம் கேட்காமல் இருக்க முடியாது. கனடாவில் வெளிநாட்டுத் தலையீட்டை விசாரித்த ஆணைக்குழுவின் தலைவர் ஹோக் 2025 ஜனவரியில் கையளித்த இறுதி அறிக்கை அதில் சீனாவை முதலாவதாகவும் இந்தியாவை இரண்டாவதாகவும் வைத்தது. அந்தத் தலையீட்டின் முதல் இலக்குகள் புலம்பெயர் சமூகங்கள்தாம். இந்தப் பாடம் அஜின்கோர்ட்டின் சீனருக்கும் மோல்வேர்னின் தமிழருக்கும் பொதுவானது. ஒரு வல்லரசின் பக்கம் சாய்ந்து நின்றால் மற்றதன் கையிலிருந்து காப்பு கிடைக்கும் என்று எண்ணுவதற்கு இங்கே எந்த ஆதாரமும் இல்லை.

கனடா சிறிய நாடு, அதன் மூன்று கப்பல்கள் இந்துமாக்கடலில் எதையும் மாற்றிவிடாது என்பது இன்னொரு மறுப்பு. கப்பல்களைப் பற்றி அது சரி. ஆனால் கனடாவின் கை நீண்டிருப்பது கடற்படையால் அன்று. 1997 டிசம்பரில் கண்ணிவெடித் தடைச் சாசனம் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது ஒட்டாவாவில். அமெரிக்காவும் சீனாவும் ரஷ்யாவும் இந்தியாவும் இன்றுவரை அதில் சேரவில்லை. இலங்கை 20 ஆண்டு தாமதமாக, 2017 டிசம்பரில் சேர்ந்தது. இருதரப்பும் விதைத்த வெடிகளை முகமாலையில் பெண்கள் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுக்கும் வேலைக்கு அந்தச் சாசனம் ஒரு சட்டக் கடப்பாட்டைக் கொடுத்தது. வல்லரசுகள் ஒதுங்கி நின்ற இடத்தில் ஒரு நடுத்தர நாடு எழுதிய சட்டம் நம் மண்ணைத் தொட்டிருக்கிறது. இந்தோ-பசிபிக்கிலேயே இன்னும் கிட்டிய உதாரணம் உண்டு. ரோஹிங்யாக்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று கனடிய நாடாளுமன்றம் 2018 செப்டெம்பரில் தீர்மானித்தது. காம்பியா என்ற சின்னஞ்சிறு ஆபிரிக்க நாடு 2019 நவம்பரில் மியன்மாரைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2023 நவம்பரில் கனடா வேறு ஐந்து நாடுகளோடு சேர்ந்து அந்த வழக்கில் தலையிட மனுக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் சித்திரவதைக்கு எதிரான சாசனத்தின் கீழ், நெதர்லாந்தோடு சேர்ந்து சிரியாமீது வழக்கே தொடுத்தது. நாடாளுமன்றத் தீர்மானம் நீதிமன்றம் வரை நடக்க முடியும் என்பதற்கு ஒட்டாவா தானே முன்னுதாரணம் படைத்திருக்கிறது. தமிழர் விடயத்தில் தீர்மானம் நினைவுநாளோடு நின்றுபோனதற்குச் சட்டத் தடை என்ன, அரசியல் தடை என்ன என்று அமைச்சரிடம் எழுத்தில் பதில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

தீர்ப்பு வந்தாலும் யார் மதிப்பார்கள் என்று கேட்பவர்களுக்குத் தென்சீனக் கடலில் பதில் இருக்கிறது. நம் நகர்ப்பகுதியின் பெயரைத் தாங்கிய ஸ்காபரோ திட்டின் கட்டுப்பாட்டைப் பிலிப்பைன்ஸ் 2012இல் சீனாவிடம் இழந்தது. கப்பலுக்குக் கப்பல் மோதினால் தோல்வி நிச்சயம் என்று தெரிந்த மணிலா, 2013 ஜனவரியில் கடற்சட்டச் சாசனத்தின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 12இல், சீனாவின் ஒன்பது கோட்டு உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பு வந்தது. சீனா அதை ஏற்கவில்லை; திட்டு இன்றும் கைவசம் வரவில்லை; பிலிப்பைன்ஸ் மீனவர்மீது தண்ணீர்ப் பீரங்கி அடிக்கப்படுகிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் வழக்குத் தொடுத்தவருக்கு அடுத்து மணிலாவில் வந்த சனாதிபதி அந்தத் தீர்ப்பை ஒதுக்கி வைத்தபோதும் தீர்ப்பு அழியவில்லை. அவருக்குப் பின் வந்தவர் எடுத்துப் பிடித்தபோது அது அங்கேயே இருந்தது. கனடா உட்படப் பல நாடுகள் பிலிப்பைன்ஸுக்கு ஆதரவாக நிற்கையில் சுட்டிக்காட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். அரசு ஒன்றுக்குக் கிடைத்த அந்த வாசல் அரசற்ற மக்களுக்கு நேரடியாகக் கிடையாது. அதனால்தான் நமக்கு ஒரு நாட்டின் கை தேவைப்படுகிறது, அந்த நாடு நாம் வாக்களிக்கும் நாடாக இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

நமக்கும் அப்படி அழியாத ஒரு பதிவு வேண்டும். 2021 மார்ச்சுத் தீர்மானம் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்குள் இலங்கைக்கான சாட்சியச் சேகரிப்புப் பிரிவொன்றை உருவாக்கியது. ஜெனீவா நமக்குத் தந்தவற்றில் பிரயோசனமானது அதுதான் என்பது என் கணிப்பு. கண்டன வாசகங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். அந்தப் பிரிவு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, 2025இல் யாழ்ப்பாணத்தின் செம்மணிப் புதைகுழியில் மண் மறுபடி தோண்டப்பட்டது. 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, அவற்றில் குழந்தைகளுடையவையும் இருந்தன. ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டேர்க் அந்த ஜூனில் நேரில் போய்ப் பார்த்தார். 1990களின் மத்தியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் சிலர் இன்று ஸ்காபரோவின் முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள். மரபணு ஒப்பீட்டுக்கு அவர்களின் மாதிரி வேண்டும், சாட்சியம் வேண்டும். அவர்கள் உயிரோடிருக்கும்போதே இரண்டையும் முறைப்படி பெற்றுப் பாதுகாக்க, 2000ஆம் ஆண்டின் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் கனடாவால் முடியும். இதற்குக் கப்பல் வேண்டாம், சீனாவின் கோபத்தைத் தாங்க வேண்டாம், டில்லியின் அனுமதியும் வேண்டாம்.

தெற்கில் ஆட்சி மாறிவிட்டதே, 2024 நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டமே ஆறில் மூன்று ஆசனத்தை அநுர குமார திசாநாயக்கவின் கட்சிக்குத் தந்ததே, இனியும் நெருக்கலாமா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்த வாக்கை நான் மதிக்கிறேன். அங்கே வாழ்பவர்களின் முடிவைத் திருத்த ஸ்காபரோவுக்கு அதிகாரமில்லை. ஆனால் 2015இலும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது, இதே பொறுமைதான் காட்டப்பட்டது. புதிய அரசும் வெளிநாட்டுப் பங்கேற்புள்ள விசாரணையை மறுக்கிறது. பிரம்டன் நகரில் 2025 மே மாதம் தமிழினப் படுகொலை நினைவுத்தூபி திறக்கப்பட்டதும், கனடிய உயர்ஸ்தானிகரை அழைத்துக் கண்டித்தது இந்த அரசுதான். நல்லெண்ணத்தைக் காலக்கெடுவோடு சேர்த்துக் கேட்பதே முறை.

அந்தக் காலக்கெடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2025 ஒக்டோபரில் வாக்கெடுப்பின்றி நிறைவேறிய தீர்மானம் சாட்சியப் பிரிவின் ஆணையை இரண்டு ஆண்டு நீடித்தது, அது 2027இல் முடிகிறது. கனடாவின் இந்தோ-பசிபிக் மூலோபாயத்துக்கு ஒதுக்கிய ஐந்தாண்டுப் பணமும் அதே காலத்தில் முடிகிறது. ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானத்தை முன்வைக்கும் மையக் குழுவில் கனடாவும் ஓர் உறுப்பு நாடு என்பதால் இரண்டு பேனாக்களும் ஒட்டாவாவின் கையில் இருக்கின்றன. புதிய மூலோபாயத்தில், இலங்கையோடு செய்யும் எந்தப் படைப் பயிற்சிக்கும் கடற்பாதுகாப்பு உதவிக்கும் முன்பு அதில் பங்குபெறும் படையினரின் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம் என்ற விதி எழுதப்பட வேண்டும். தடைப்பட்டியல் பிரித்தானியாவின் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். சர்வதேச நீதிமன்ற வழி திறந்திருக்கிறதா என்று நீதித் திணைக்களம் பரிசீலித்த சட்டக் கருத்து நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். ஸ்காபரோவின் தொகுதிகளில் வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும், மே 18 மேடையில் ஏறுவதற்கு முன்பு, இந்த மூன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற பதிலைக் கையெழுத்தோடு நமது அமைப்புகள் வாங்கிவைக்கலாம். 2027 இலையுதிர் காலத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. வேலை இப்போதே தொடங்கினால்தான் அந்த நேரம் போதும்.